பிழை: பெயர் இல்லை

விடியும் முன்பே அறிவுச்செல்வி லாரியைச் சுவரில் மோதத் தொடங்கியிருந்தாள்.

திரைக்குள் ஓடும் லாரி. கொல்லிமலை ரோட்டைப் போல வளைந்து வளைந்து ஏறும் பாதை. அதன் விளிம்பில் தடுப்புச் சுவர். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை அந்தச் சுவரில் எங்காவது இருந்தால் ஆடுகிறவனின் லாரி அதன் வழியே நழுவி, அடியே இல்லாத வெற்றிடத்தில் விழுந்துகொண்டே இருக்கும். அப்படி விழாமல் பார்ப்பதுதான் அவள் வேலை. முன்புறத்தால் முட்ட வேண்டும். பின்னால் வந்து முட்ட வேண்டும். பக்கவாட்டில் உரச வேண்டும். ஒரு முழம் தள்ளிப்போய் மறுபடியும் முட்ட வேண்டும். மலை முழுக்கச் சுவர் இருந்தது.

இதற்கு டெஸ்டிங் என்று பெயர். வெளியில் சொன்னால், "கேம் ஆடறதுக்குச் சம்பளமா?" என்று சிரிப்பார்கள். சிரிக்கிறவனை இந்த நாற்காலியில் ஒருநாள் உட்காரவைக்க வேண்டும். மதியத்துக்குள் அவன் கட்டைவிரலின் அடிநரம்பு கிட்டார் கம்பியைப் போல விறைத்துக்கொள்ளும். கண் ஈரம் வற்றி, இமைக்கும்போதெல்லாம் மணல் அறுக்கும். அந்த அறையில் எல்லார் மணிக்கட்டிலும் துணிப்பட்டை இருந்தது. எல்லார் கையிலும் தைல வாசம் இருந்தது.

அந்த வாசத்தையும் மீறி வேறொன்று வரும். கோழி எருவின் காரம். நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் ரோட்டில், முதலாளி முருகானந்தத்தின் அப்பா கட்டிய தீவனக் கிடங்குதான் இன்றைக்குக் கம்பெனி. மூட்டைகளுக்குச் சன்னல் எதற்கு என்று அன்று வைக்காமல் விட்டார்கள். ஆட்களை உட்காரவைத்த பிறகும் வைக்கவில்லை. பக்கத்திலேயே பண்ணை. வெளிச்சம் கூடினால் கோழி கூடுதலாக முட்டையிடும் என்று இருட்டோடு இருட்டாக அங்கே விளக்குப் போடுவார்கள். அதே நேரத்துக்கு இங்கேயும் விளக்கு எரியும். இந்த விளையாட்டை விற்கப்போகும் கம்பெனி நமக்கு முன்னால் விடிகிற நாட்டில் இருந்தது. அவர்கள் ஆபீஸ் திறக்கும்போது இவர்கள் நாற்காலியில் இருந்தாக வேண்டும்.

அவள் முட்டிக்கொண்டிருந்த அந்த லாரியைக் கம்ப்யூட்டரில் வரைந்து செய்தவன் மாதேஸ்வரன். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவன். பலகையின் வெடிப்பு, தார்ப்பாய்க் கயிற்றின் முடிச்சு, கதவு சாத்தும்போது ஒரு நொடி தாமதித்து விழும் கொக்கி எல்லாம் அவன் கைவேலை. வெளிநாட்டுக்காரர்கள் முதல்முறை அந்த லாரியைப் பார்த்தபோது கைதட்டினார்களாம். கைதட்டலை முருகானந்தம் வாங்கிக்கொண்டார்.

ரிலீஸ் நெருங்க நெருங்க ஷிப்டு என்று ஒன்று இல்லாமல் போயிற்று. ஒரு ஷிப்டு முடித்தவன் எழுந்திருக்காமலே அடுத்ததில் இருந்தான். அப்படி இரண்டை ஒன்றாகச் சேர்த்து முடித்துவிட்டு, விடிகாலையில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிய மாதேஸ்வரன் ஓட்டிக்கொண்டே தூங்கிப் போனான். மோகனூர் ரோட்டுப் பாலத்தின் கட்டைச் சுவர் அவனை எழுப்பியது. உயிர் இருந்தது. வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. உள்ளே தகடு வைத்துத் தைத்தும் விரல்கள் மடங்கவில்லை.

முருகானந்தம் ஒரு பை நிறைய ஆப்பிள் கொடுத்தனுப்பினார். அதற்கடுத்த வாரம், அவனை இந்தக் கம்பெனிக்கு அனுப்பியிருந்த ஏஜென்சியிலிருந்து மாதேஸ்வரனுக்குப் போன் வந்தது. இனிமேல் வர வேண்டாம்.

"செல்வி, அந்தச் சுவத்த உடு." டெஸ்டர்களுக்குத் தலைவனான சந்தோஷ்குமார் பின்னால் வந்து நின்றான். அவனுக்கும் கண் சிவந்திருந்தது. "கிரெடிட்ஸ் வந்திருச்சு. ஸ்கிப் பட்டன் செரியா வேலை செய்யுதான்னு பாரு."

விளையாட்டு முடிந்ததும் அதை உருவாக்கியவர்களின் பெயர்கள் திரையில் கீழிருந்து மேலே ஏறிப் போகும். அதுதான் கிரெடிட்ஸ். உட்கார்ந்து பார்க்கப் பொறுமையில்லாதவன் ஸ்கிப்பை அமுக்கிவிட்டு வெளியே போகலாம். அந்தப் பட்டனைத்தான் அவள் சோதிக்க வேண்டும். தொட்டுப் பார்த்தாள், அழுத்திப் பிடித்துப் பார்த்தாள், நடுவில் போன் வந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தாள். ஒவ்வொரு முறையும் பெயர்கள் சட்டென்று அறுந்து மறைந்தன. கடைசிச் சோதனை, எதையும் தொடாமல் முடிவு வரை பார்ப்பது.

தொடாமல் பார்த்தாள்.

முதலில் வெளிநாட்டு டைரக்டர்கள். அவர்களுக்குக் கீழே இருந்தவர்கள். அவர்களுடைய வக்கீல்கள். பிறகு திரை முழுதும் தனியாக, மூச்சு வாங்கி நிற்பதுபோல முருகானந்தத்தின் பெயர். அன்பும் ஊக்கமும் அளித்தவர்கள் என்று அவர் மனைவி, இரண்டு மகன்கள். அதற்கும் கீழே, பக்கத்தில் சின்ன இதயம் போட்டு, ஜூலி, புரூனோ.

ஜூலியும் புரூனோவும் முருகானந்தத்தின் நாய்கள்.

அதற்கப்புறம்தான் நாமக்கல்லில் வேலை செய்தவர்கள். எறும்பு எழுத்தில், நெருக்கி அடைத்து, கண் பிடிப்பதற்குள் ஓடிப்போனார்கள். அவள் பெயரும் ஓடியது. மாதேஸ்வரன் பெயர் இல்லை. கண் தவறியிருக்கும் என்று மறுபடி ஓட்டினாள். இல்லை. நடுவில் வேலையை விட்டுப் போன யாருமே இல்லை.

"சந்தோஷண்ணா, மாதேசண்ணன் பேரு உட்டுப்போச்சு."

"உட்டுப்போவுல. ரிலீஸ் அன்னிக்கு ஆரு வேலையில இருக்கறாங்களோ அவங்க பேருதான் போடறது. அதான் ரூல்."

"லாரியே அவரு செஞ்சதுங்கண்ணா."

"உன்னைய நான் என்ன பாக்கச் சொன்னேன்? பட்டன் வேலை செய்யுதா?"

"செய்யுது."

"அப்பறம் என்ன? பாஸ் போட்டுட்டுச் சுவத்துக்குப் போ."

அறிவுச்செல்வி பாஸ் போடவில்லை. விளையாட்டில் தப்பு எதையாவது கண்டால் டெஸ்டர் அதைப் பிழை என்று பதிய வேண்டும். எவ்வளவு மோசமான பிழை என்று தரமும் போட வேண்டும். மிக மோசமானது என்று தரம் போட்ட பிழை ஒன்று திறந்திருந்தாலும் விளையாட்டு வெளியே போகாது. அவள் பதிந்தாள். பிழை: பெயர் இல்லை. லாரியைச் செய்த மாதேஸ்வரனின் பெயர் காணப்படவில்லை. தரம்: மிக மோசம்.

கொஞ்ச நேரத்தில் சந்தோஷ்குமார் அதை மூடினான். 'இது பிழை அல்ல. இப்படித்தான் இருக்க வேண்டும்.'

அவள் திறந்தாள். அவன் மூடினான். அவள் திறந்தாள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் முருகானந்தம் கூப்பிட்டனுப்பினார்.

அவர் அறை கண்ணாடியால் ஆனது. கிடங்கில் அது ஒன்றுக்குத்தான் வெளியே பார்க்கும் சன்னல்.

"உக்காரும்மா."

அவள் நின்றாள்.

"என்ன பிரச்சினை?"

"மாதேசண்ணன் பேரு இல்லீங்க சார்."

முருகானந்தம் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். நீளமாக ஒரு பட்டை, அதன் பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு பட்டை. "போன கேம்ல எடுத்த கணக்கு. பெரிசு இருக்குதே, அவங்கெல்லாம் கிரெடிட்ஸ் வந்ததும் ஸ்கிப் பண்ணிட்டுப் போனவங்க. நூத்துல நாலு பேருகூட உக்காந்து பாக்கறதில்ல. ஒருத்தனும் பாக்காத பேருக்கு ஆபீஸ் நேரத்துல இத்தன ரகளையா?"

"ஒருத்தரும் பாக்கமாட்டாங்கன்னா உங்க நாய் பேர எதுக்குங்க சார் போட்டிருக்கறீங்க?"

 அவர் முகம் கறுத்தது.

"என்ற கம்பெனி. என்ற பேரப் போடுவேன், என்ற நாய் பேரப் போடுவேன், வேணும்னா பண்ணையில இருக்கற கோழி பேரக்கூடப் போடுவேன். நீ யாரு கேக்க?"

"கோழிக்கெல்லாம் நீங்க பேரு வெக்கறதில்லீங்களே சார்."

வெளியே கண்ணாடிக்கு அப்பால் தலைகள் திரும்பின. முருகானந்தம் எழுந்து நின்றார்.

"வெவரம் புரியாமப் பேசாத. அவன் பேர இதுல போட்டா நாளைக்கே அவன் வக்கீலு தூக்கிட்டு வந்து கோர்ட்டுல நீட்டுவான். 'பாருங்க, இங்கதான் வேலை செஞ்சான், நட்டஈடு குடுங்க'ம்பான். அவன் ஏஜென்சி ஆளு. உழுந்தது ரோட்டுல. என்ற கம்பெனிக்குள்ள உழுந்தானா?"

அப்போதுதான் அவளுக்கு முழுதும் விளங்கியது. ரூலும் இல்லை, கணக்கும் இல்லை. ஒரு மனிதன் இரண்டு வருஷம் இந்தக் கிடங்கில் உட்கார்ந்து வேலை செய்தான் என்பதைத்தான் இவர் அழிக்கிறார்.

"தூங்க உடாம வேலை வாங்குனது இங்கதானுங்க சார்."

"ஓஹோ. அநியாயமாத் தெரியுது உனக்கு? செரி. நாயமாவே பண்ணிருவோம்." முருகானந்தம் சிரித்தார். "ஆரு பேரும் வேண்டாம். கிரெடிட்ஸையே எடுத்துடறேன். பேரு இருந்தாத்தான ஸ்கிப் பட்டன் வேணும்? பேரும் வேண்டாம், பட்டனும் வேண்டாம். ஆடறவனுக்கும் தொந்தரவு இல்ல. அவன் சௌகரியந்தான் நமக்கு முக்கியம். நாயெல்லாம் ஒண்ணு, நீங்களும் ஒண்ணு. போதுமா?"

சாயங்காலம் ஷிப்டு கலைவதற்குள் சேதி எல்லாத் திரைக்கும் வந்துவிட்டது. சிலருடைய பிடிவாதத்தால் கிரெடிட்ஸ் நீக்கப்படுகிறது. ஆடுகிறவர்களின் வசதியைக் கருதியும் இந்த முடிவு.

அறை அவளை முறைத்தது.

"இப்ப சந்தோசமா?" மரம், பாறை எல்லாம் செய்யும் மோகன்குமார் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் எறிந்தான். "அடுத்த வேலைக்குப் போனா என்ன செஞ்சீங்கன்னு கேப்பான். இந்தப் பேரக் காட்டித்தான் சேர முடியும். அதுக்குத்தான் பல்லக் கடிச்சிட்டு உக்காந்திருந்தேன். ஒருத்தருக்காகப் பேசறேன்னு போயி அத்தன பேரு பேரையும் அழிச்சுட்டு வந்து நிக்கறே."

"அழிச்சது அவளா?" அடுத்த மேசை ஜெயப்பிரியா வெடுக்கென்று எழுந்தாள். "அவரு அழிப்பாரு, நீ இவள வைவியா? தைரியமிருந்தா அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள போயி வையி."

"போதும் பிரியா." அறிவுச்செல்வி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நான் மோகனூருக்குப் போறேன். மாதேசண்ணன்கிட்ட நேர்ல சொல்லிட்டு வாரேன். வாரவங்க வாங்க."

ஜெயப்பிரியா வந்தாள். இன்னும் சிலர் வந்தார்கள். எல்லாருக்கும் பின்னால், யாரோடும் பேசாமல் மோகன்குமாரும் பைக்கில் வந்தான்.

கரும்பு டிராக்டர்கள் சர்க்கரை ஆலைப் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தன. ஊருக்குள் நுழைந்ததுமே பாகு புளித்த வாசம். மாதேஸ்வரன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் மஞ்சள் ரப்பர் பந்து. விரல் மடங்குவதற்காக டாக்டர் கொடுத்தது. பந்தை அமுக்குவான், விரல்கள் அதன்மேல் சும்மா கிடக்கும். பக்கத்தில் அவன் அண்ணன் சென்றாயன், கேரளாவுக்கு முட்டை லாரி ஓட்டுகிறவர், குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நின்றார்.

நடந்ததை அறிவுச்செல்வி சொன்னாள். நாய் பேர் வந்தபோது மாதேஸ்வரன் சிரித்தான். வக்கீல் பேச்சு வந்தபோது சிரிப்பு நின்றது.

"நான் அங்க இல்லவே இல்லைன்னு சொல்றாராம்மா?"

அறிவுச்செல்வி தலையசைத்தாள்.

"நாம கேக்க வேண்டியது ஒண்ணுதான்," என்றாள் ஜெயப்பிரியா. "பேரு வரோணும். ஸ்கிப் பட்டன் இருக்கவே கூடாது. ஆடறவன் கடைசிப் பேரு வரைக்கும் உக்காந்து பாத்தே ஆகோணும். பாக்காம எந்திரிச்சுப் போறவங்களாலதான் அந்தாளுக்கு இத்தன தெகிரியம்."

"நானெல்லாம் அதத் தள்ளி உட்டுட்டுப் போயிருவனம்மா," என்றார் சென்றாயன்.

"எதைங்கண்ணா?"

"பேரு ஓடறத. லோடு எறக்கற எடத்துல காத்துக் கெடக்கறப்ப நானும் போன்ல எதாச்சும் ஆடுவேன். ஆட்டம் முடியற நேரம் பாத்து வண்டிய எடுடான்னு கத்துவான். அப்ப ஒவ்வொரு பேரா படிச்சிட்டு உக்காந்திருக்க முடியுமா?"

"உங்களாட்டப் போறவங்களாலதான் எங்க பேரு இந்தக் கதிக்கு வந்திருக்குது." ஜெயப்பிரியாவின் குரல் ஏறியது. "சொந்தத் தம்பி பேரு வந்தாலும் தள்ளி உடுவீங்களா?"

சென்றாயன் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏம்மா, நீ முட்டை திம்பியா?"

"திம்பேன்."

"அத ஆரு ஓட்டியாந்தாங்கன்னு என்னிக்காச்சும் கேட்டிருக்கியா? நான் கொண்டுபோற முட்டைய அங்க ஊரே திங்குது. ஒருத்தன் என்ற பேரக் கேட்டதில்ல. அதுக்காவ, தின்னறவன் கையப் புடிச்சு, 'என்ற பேரச் சொல்லிட்டு வாயில வையி'ன்னா நாயமா?"



"அப்ப பேரே வேண்டாங்கறீங்களாண்ணா?" என்று கேட்டாள் அறிவுச்செல்வி.

"நான் எங்கம்மா அப்படிச் சொன்னேன்?" அவர் குரல் மாறியது. "போன வருசம் பாலக்காட்டுக்கிட்ட வண்டி கவுந்து எனக்கு வெலா எலும்பு முறிஞ்சுது. ஆசுபத்திரி செலவு கேப்பாங்கன்னு, 'இவன் எங்க டிரைவரே இல்லீங்க'ன்னு ஓனரு ஸ்டேஷன்ல சொன்னான். உட்டமா? டிரைவருங்க அத்தன பேரும் ஸ்டேஷன் வாசல்ல வந்து நின்னாங்க. அப்பறந்தான் ஒத்துக்கிட்டான். தின்னறவன் என்னையக் கண்டுக்காமப் போவட்டும். எனக்கொண்ணும் கொறையில்ல. ஆனா ஓட்டுனதே நானில்லைன்னு ஓனரு சொன்னா, அத எப்படி உடறது?"

 ஜெயப்பிரியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் சொல்றது செரி," என்றான் மாதேஸ்வரன். பந்தைக் கீழே வைத்துவிட்டான். "பட்டன் இருக்கட்டும். ஆடறவனும் நம்மளாட்ட எங்கியோ வேலை செஞ்சு அலுத்துப் போயி வாரவன்தான். அவனப் புடிச்சு உக்கார வெச்சு என்ற பேரக் காட்டி எனக்கு என்ன ஆவப்போவுது? அவன் தாண்டிட்டுப் போவட்டும். ஆனா தாண்டறதுக்காச்சும் அங்க ஒரு பேரு இருக்கோணுமில்ல?"

மோகன்குமார் அதுவரை பைக்கைவிட்டு இறங்கவில்லை. இப்போது இறங்கினான்.

"நானும் ஏஜென்சிதான். ரிலீஸுக்கு மொத நாள் என்னைய வர வேண்டாம்னு சொன்னா என்ற பேரும் போயிரும். இல்லியா?"  அவன் அறிவுச்செல்வியைப் பார்த்தான். "காலையில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"சாயங்காலந்தான் பேசினே," என்றாள் ஜெயப்பிரியா. "தூங்குனாத்தான நேரம் தெரியும் உனக்கு."

அன்றைக்கு முதல்முறையாக எல்லாரும் சிரித்தார்கள்.

அங்கேயே பேசி முடித்தார்கள். வேலை செய்த ஒவ்வொருவரின் பெயரும் வர வேண்டும். ஏஜென்சி ஆளாக இருந்தாலும், நடுவில் போனவராக இருந்தாலும். கிடங்கைக் கூட்டிப் பெருக்கும் மாரக்காள் பெயரை விட்டுவிடாதீர்கள் என்றான் மாதேஸ்வரன். மின்சாரம் போகும்போதெல்லாம் ஜெனரேட்டருக்கு ஓடுகிறவர் பெயரையும் சேர்த்தார்கள். ஸ்கிப் பட்டன் அப்படியே இருக்கும். தாண்டிப் போனவன் பின்னால் என்றைக்காவது பார்க்க நினைத்தால், பார்ப்பதற்கு அந்தப் பெயர்கள் அங்கே இருக்க வேண்டும். மாதேஸ்வரன் எங்கள் ஆள், எங்களோடு வேலை செய்தான் என்று யார் கேட்டாலும், கோர்ட்டே கேட்டாலும், எல்லாரும் போய்ச் சொல்வது. இந்தக் கடைசி ஒன்று முருகானந்தத்திடம் கேட்பது அல்ல. தங்களுக்குள் முடிவு செய்துகொண்டது.

மறுநாள் விடிகாலையில் பண்ணையில் விளக்கு எரிந்தது. கிடங்கிலும் எரிந்தது. எல்லாரும் நேரத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். யாரும் வேலையைத் தொடவில்லை. ஒவ்வொருவரும் ஒரு பிழையைப் பதிந்தார்கள். பாதை வரைந்தவர்கள், மழை வரைந்தவர்கள், ஹாரன் சத்தம் சேர்த்தவர்கள், சுவரில் முட்டியவர்கள். பிழை: பெயர் இல்லை. தரம்: மிக மோசம். வராமல் போனவர்களும் இருந்தார்கள். வந்து உட்கார்ந்துகொண்டு பதியாமல் விரலைப் பிசைந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் மிக மோசமான பிழைகள் சிவப்பில் வரும் சந்தோஷ்குமாரின் திரை மேலிருந்து கீழ்வரை சிவந்துவிட்டது.

அவன் ஒன்றை மூடினான். இரண்டு திறந்தன. இன்னும் சிலவற்றை மூடினான். பிறகு அவன் கையும் நின்றது.

வாக்கிங் போன ஷூவோடு முருகானந்தம் உள்ளே வந்தார்.

"என்ன நடக்குது இங்க? சந்தோஷ், எல்லாத்தையும் மூடு."

சந்தோஷ்குமார் அசையவில்லை.

"மூடுன்னேன்."

"மூடுனா ஆரு மூடுனதுன்னு அதுல பேரு உழுகும் சார்." அவன் குரல் தாழ்ந்திருந்தது. "இந்த லிஸ்ட்ட வெளிநாட்டுக்காரங்களும் பாப்பாங்க. கேட்டாங்கன்னா..."

"கேட்டா?"

"என்ற பேருதான் இருக்கும்."

ஜெயப்பிரியா வாய்விட்டுச் சிரித்தாள். "குத்தத்துக்குன்னா பேரு வேணும். வேலைக்குன்னா வேண்டாமா சார்?"

முருகானந்தம் அவளைப் பார்க்கவில்லை. அவர் கண் அறிவுச்செல்வியைத் தேடிப் பிடித்தது. "நீ மட்டும் உள்ள வா." சொல்லிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போனார்.

அவள் எழுந்தாள்.  மோகனூர்ச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டிப் போடும் அப்பாவுக்கு, மகள் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்பது பெரிய பேச்சு. இனி அந்தப் பேச்சு இருக்குமோ இருக்காதோ. ஓர் அடி வைத்தாள். பின்னால் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. மோகன்குமார். அடுத்து ஜெயப்பிரியா. பிறகு எது யார் நாற்காலி என்று தெரியவில்லை. கிடங்கே எழுந்த சத்தம்.

மாரக்காள் துடைப்பானைப் பிடித்தபடி ஓரமாக நின்றாள். "என்ன சாமி, எல்லாரும் எங்க போறீங்க?"

"உள்ளதானுங்க. உங்க பேருக்கும் சேத்துத்தான் கேக்கப் போறோம்," என்றாள் ஜெயப்பிரியா.

மாரக்காள் ஒரு நிமிஷம் யோசித்தாள். துடைப்பானை வாளியில் சாத்தினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நானு எங்க நிக்கோணும்?"

ஜெயப்பிரியா தன் பக்கத்தில் இடம் காட்டினாள்.

கண்ணாடி அறை அத்தனை பேருக்குக் கட்டியது இல்லை. மேசையைச் சுற்றி, சோபாவின் பின்னால், சன்னலை மறைத்துக்கொண்டு நின்றார்கள். ஏசிக் காற்று மூச்சுக்காற்றில் அமுங்கிப் போயிற்று. வாசலிலும் ஆட்கள் நின்றார்கள்.

"ஒருத்தியத்தான் கூப்பிட்டேன்," என்றார் முருகானந்தம்.

"கேட்டுச்சுங்க சார்," என்றாள் அறிவுச்செல்வி.

"ஏஜென்சிக்கு ஒரு போன் போட்டா நாளைக்கு உங்க எல்லாரு எடத்துக்கும் ஆள் வந்து உக்காரும். தெரியுமா?"

"வரட்டுங்க. வாரவங்ககிட்டயும் இதத்தான் சொல்லுவோம். இங்க கை ஒடஞ்சா நீங்க இங்க வேலையே செய்யலேம்பாங்கன்னு."

"மெரட்டறியா?"

"இல்லீங்க. மாதேசண்ணன் பேரு வரோணும். எல்லாரு பேரும் வரோணும். பிடிக்காதவன் ஸ்கிப் பண்ணிட்டுப் போவட்டும், அது அவன் இஷ்டம். எங்கள ஸ்கிப் பண்றதுக்கு உங்களுக்குப் பட்டன் கெடையாது."

முருகானந்தம் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போது மேசைமேல் இருந்த அவருடைய போன் அடித்தது. திரையில் வெளிநாட்டு எண். அங்கே ஆபீஸ் திறந்திருந்தது. சிவந்த திரையை அங்கேயும் யாரோ பார்த்திருக்க வேண்டும்.

அவர் எடுக்கவில்லை. மணி அடித்து ஓய்ந்தது.  மறுபடியும் அடித்தது.

"எல்லாரும் வெளிய போங்க. நான் பேசிட்டுக் கூப்பிடறேன்."

"பேசுங்க சார்," என்றாள் அறிவுச்செல்வி. "நாங்க இங்கயே இருக்கறோம்."

யாரும் நகரவில்லை. வாசலுக்கு வெளியே, தன் மேசைக்கும் இந்த அறைக்கும் நடுவில் சந்தோஷ்குமார் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரவில்லை. திரும்பியும் போகவில்லை. கதவோரம் நின்ற மாரக்காள் அவனைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.